தடுப்பு ஆன்டிபயாடிக்கா, நரம்பில் ஏற்றுவதா, தோலடி ஊசியா? எதிர்ப்பொருள் குறைந்த குழந்தைக்கான வழிகள் ஓர் ஒப்பீடு

குழந்தைகள் பிரிவில் இம்யூனோகுளோபுலின் எனப்படும் எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றும் அறையில் செவிலியராக இருக்கும் எனக்கு, முக்கியமான கேள்விகள் அந்த அறைக்கு வெளியே நடைபாதையில்தான் வரும். உள்ளே மருத்துவர் வழிகளை எல்லாம் விளக்கி, "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்று அனுப்பியிருப்பார். வெளியே வரும் தாயோ தந்தையோ பரிசோதனை அறிக்கைகளைக் கையில் பிடித்தபடி, "சிஸ்டர், உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து நரம்பில் ஏற்றிக்கொள்வதா, வாரம் ஒருமுறை வீட்டிலேயே தோலுக்கடியில் செலுத்துவதா, இரண்டும் இல்லாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பதா என்பதே அவர்களுடைய தவிப்பு. நடைபாதையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் விடை இதற்கு இல்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பில் ஏற்றினாலும் தோலடியில் செலுத்தினாலும் உடலுக்குள் போவது ஒரே பொருள்தான். ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த கிருமிகளை எதிர்க்கும் புரதமான, ஐஜிஜி எனப்படும் எதிர்ப்பொருள் அது. ஆகவே எந்த வழிக்கு வீரியம் அதிகம் என்று தேடுவதால் பெரிய பயன் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு தவணைகூடத் தவறாமல் எந்த வழியை நம் வீடு தாங்கும் என்று பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை தானாகத் தெளிந்துவிடும்.

## இந்த ஒப்பீடு யாருக்குப் பொருந்தும்

எதிர்ப்பாற்றல் குறைவு என்ற ஒரே பெயரின் கீழ் பல வேறுபட்ட கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. இங்கே நான் பேசுவது எதிர்ப்பொருளைப் போதிய அளவில் உண்டாக்க இயலாத குழந்தைகளைப் பற்றி மட்டுமே. எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களே உருவாகாத எக்ஸ்எல்ஏ, அணுக்கள் இருந்தும் எதிர்ப்பொருள் குறையும் சிவிஐடி போன்றவை ஒரு வகை. பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்துக்குப் பிறகோ, இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகோ, ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகோ ஐஜிஜி சரிந்துபோவது இன்னொரு வகை.

கீமோதெரபியால், கிருமியை விழுங்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோபில் குறைந்த குழந்தைக்கும், வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாத நாள்பட்ட கிரானுலோமா நோய் உள்ள குழந்தைக்கும் கணக்கு வேறு. அந்த நோயில் எதிர்ப்பொருள் போதிய அளவு இருக்கும். ஆகவே கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும்தான் அங்கே முதன்மைத் தடுப்பு. எஸ்சிஐடி எனப்படும் கடுமையான கூட்டுக் குறைபாட்டில் இம்யூனோகுளோபுலின் ஓர் இடைக்காலப் பாலம் மட்டுமே. ஸ்டெம் செல் மாற்றோ மரபணுச் சிகிச்சையோதான் அதற்குத் தீர்வு.

பிறக்கும் குழந்தை தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே பெற்ற ஐஜிஜியுடன் வருகிறது. அது ஏறக்குறைய ஆறு மாதங்களில் தேய்ந்துவிடுவதால், எக்ஸ்எல்ஏ உள்ள குழந்தை முதல் சில மாதங்கள் நலமாக இருந்துவிட்டு அதன்பின் காதுச் சீழ், நிமோனியா என்று அடுத்தடுத்துப் படுக்கும். 1952ஆம் ஆண்டில் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப இரத்தத் தொற்றுக்கு உள்ளான எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அடங்கிய காமா குளோபுலினே இல்லை என்று கண்டறிந்தார். அதை வெளியிலிருந்து கொடுத்தபோது தொற்றுகள் அடங்கின. அவர் அதைத் தோலுக்கடியில்தான் செலுத்தினார். அதன்பின் நெடுங்காலம் தசையில் வலியோடு போட்டார்கள். நரம்பில் ஏற்றும் வடிவம் 1980களில்தான் பரவலாக வந்தது. "புது முறை" என்று இன்று பலர் தயங்கும் தோலடி வழிதான் உண்மையில் மூத்த வழி.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நிமோனியா, இரத்தத் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்ற பெருந்தொற்றுகளை அந்த வழி எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். இரண்டாவது, ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில் ஐஜிஜி எவ்வளவு சீராக நிற்கிறது என்பது. ஏறக்குறைய மூன்று வாரங்களில் அது பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் இடைவெளியின் நீளம் முக்கியமாகிறது. மூன்றாவது, பக்கவிளைவுகள், உடல் முழுவதும் தெரிபவையும் ஊசி போட்ட இடத்தில் மட்டும் தெரிபவையும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும். நான்காவது, குழந்தையின் வலியும் அச்சமும். ஐந்தாவது, வீட்டில் இருப்பவர்களின் கையும் நேரமும்.

ஆறாவதைப் பெற்றோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை; ஏதேனும் தவறு நடந்தால் அதை யார், எவ்வளவு விரைவில் கவனிப்பார்கள் என்பதே அது. என் அனுபவத்தில் இதுவே பல நேரங்களில் தராசைச் சாய்க்கிறது.

வழியைத் தேர்வதற்கு முன்பே முடித்தாக வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. இம்யூனோகுளோபுலின் ஏற்றத் தொடங்கிவிட்டால், இரத்தத்தில் காணும் ஐஜிஜியில் குழந்தையுடையது எவ்வளவு, கொடையாளருடையது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. தடுப்பூசிக்குக் குழந்தையின் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்ற பரிசோதனையும் பொருளற்றுப் போகும். எனவே அந்த இரத்த மாதிரிகள் எல்லாம் முதல் தவணைக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டனவா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, பின்னர் நோயின் பெயரை உறுதிப்படுத்துவதற்காகவே பல மாதங்கள் மருந்தை நிறுத்திக் காத்திருக்க நேர்ந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்கள் பெற்றோருக்கு எவ்வளவு கொடியவை என்பது எனக்குத் தெரியும்.

## தடுப்பு ஆன்டிபயாடிக் மட்டும்

தினமும் அமாக்சிசிலின், அல்லது வாரத்தில் மூன்று நாள் அசித்ரோமைசின், அல்லது கோட்ரைமாக்சசோல் என்று சிறிய அளவில் தொடர்ந்து கொடுப்பது இந்த வழி. ஊசி இல்லை, மருத்துவமனைப் படுக்கை இல்லை, வேண்டாம் என்றால் அன்றே நிறுத்திவிடலாம். குழந்தையின் சொந்த எதிர்ப்பொருளை அளந்து பார்க்கும் வாய்ப்பும் கெடுவதில்லை.

கைக்குழந்தைப் பருவத்தில் ஐஜிஜி தாமதமாக ஏறும் தற்காலிகக் குறைபாட்டுக்கு இது மிகப் பொருத்தமான வழி. அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் அளவு தானாகவே சரியாகிவிடும். ஐஜிஜி ஓரளவே குறைந்து, தடுப்பூசிக்கு நல்ல எதிர்வினை காட்டும் குழந்தைக்கும், ஐஜிஏ என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் மட்டும் குறைந்து காதும் சைனஸும் அடிக்கடி தொல்லை தரும் குழந்தைக்கும் இதிலிருந்து தொடங்குவது நியாயமானது.

ஆனால் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற நிலையில் ஆன்டிபயாடிக்கை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் தனக்குக் கட்டுப்படும் பாக்டீரியாவை மட்டுமே தடுக்கும். வைரஸிடம் அதற்கு வேலை இல்லை. எக்ஸ்எல்ஏ குழந்தைகளுக்கு, குடல் வழியே நுழையும் என்டெரோவைரஸ் மூளைவரை சென்று தங்கிவிடும் அபாயம் உண்டு. அதை எந்த ஆன்டிபயாடிக்கும் தடுக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் சிறிது சிறிதாகச் சேர்பவை. வயிற்றுப்போக்கு வரலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் குழந்தையின் உடலிலேயே குடியேறலாம்; அப்போது உண்மையான நிமோனியா வரும் நாளில் எளிய மருந்துகள் கைகொடுக்காது. அசித்ரோமைசின் சில குழந்தைகளின் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும் முன் ஈசிஜி எடுக்கச் சொல்லலாம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கோட்ரைமாக்சசோல் இரத்தச் சிதைவை உண்டாக்கக்கூடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு காலதாமதம். "இந்த முறையும் ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிட்டதே" என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் கொள்ளும்போது, நுரையீரலின் காற்றுக்குழாய்கள் சிறுகச் சிறுக விரிந்து தளர்ந்து, மூச்சுக்குழாய் விரிவு நோயாக நிலைத்துவிடலாம். அந்தச் சேதம் பின்னர் முழுமையாகத் திரும்புவதில்லை. இந்த வழியில் செல்பவர்கள் எந்த எல்லையைத் தாண்டினால் அடுத்த வழிக்கு மாறுவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே மருத்துவருடன் பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிமோனியா, அல்லது நரம்பில் ஆன்டிபயாடிக் தேவைப்பட்ட ஒரு தொற்று என்பது நியாயமான எல்லையாக இருக்கும்.

இம்யூனோகுளோபுலினையும் ஆன்டிபயாடிக்கையும் ஒன்றாகக் கொடுப்பதும் உண்டு. வெளியிலிருந்து ஏற்றும் ஐஜிஜி இரத்தத்தில் நன்றாக நிற்கும். மூக்கு, சைனஸ், காற்றுக்குழாய் ஆகியவற்றின் ஈரப்பரப்பை அது போதிய அளவு காப்பதில்லை. ஆகவே நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்கு அசித்ரோமைசினைச் சேர்த்துக் கொடுப்பதால் மூச்சுத் தொற்றுகள் குறைவதை 2019இல் வெளியான, வயது வந்தவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது.

## மருத்துவமனையில் நரம்பு வழி

வழக்கமாக மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 400 மில்லிகிராம் கணக்கில் 8 கிராம். பத்து சதவீதக் கரைசலில் அது 80 மில்லிலிட்டர். கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றினாலும், மெதுவாகத் தொடங்கி, வெப்பநிலையும் நாடித்துடிப்பும் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டியிருப்பதால் முழுப் பகலும் போய்விடும்.

இந்த வழியின் பெரிய வலிமை, முதல் நாளிலேயே ஐஜிஜி உயர்ந்துவிடுவது. கடும் தொற்றோடு வந்து நோய் கண்டறியப்பட்ட குழந்தைக்கு அந்த விரைவு தேவை. இரண்டாவது வலிமை, மாதந்தோறும் அனுபவமுள்ள கண்கள் குழந்தையைப் பார்ப்பது. எடை பார்க்கிறோம், நெஞ்சைக் கேட்கிறோம், ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்து ஐஜிஜியின் அடிமட்ட அளவை அறிகிறோம். "ஒரு வாரமாகக் கொஞ்சம் இருமல்தான்" என்று தாய் சாதாரணமாகச் சொன்ன குழந்தைக்கு, ஏற்ற வந்த நாளில் நிமோனியா பிடிபட்டது உண்டு.

அந்த அடிமட்ட அளவைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. நரம்பு வழியில் ஐஜிஜி உச்சத்துக்கு ஏறி, பின் நாள்தோறும் இறங்கி, அடுத்த தவணைக்கு முந்தைய நாள் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும். கடைசி வாரத்தில் குழந்தை சோர்ந்து, மூக்கு ஒழுகி, மூட்டு வலிக்கிறது என்று சொன்னால் அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், அடிமட்ட ஐஜிஜி டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உயரும் ஒவ்வொரு படிக்கும் நிமோனியா 27 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. கடைசி வாரத்தில் மட்டும் தொற்று வருகிறது என்றால் இடைவெளியை நான்கிலிருந்து மூன்று வாரமாகக் குறைப்பதோ அளவைக் கூட்டுவதோ முதலில் பேச வேண்டிய மாற்றம்.

பக்கவிளைவுகளில் தலைவலி, குளிர்நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, குமட்டல் ஆகியவை அடிக்கடி வருபவை. ஏற்றும் வேகத்தைக் குறைத்தாலே இவை பெரும்பாலும் அடங்கும். முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பது உண்மையாகவே உதவுகிறது. ஏற்றி முடித்து ஓரிரு நாளில் கடும் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம் ஆகியவை வந்தால் அது கிருமியில்லாத மூளையுறை அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இரத்தக்கட்டு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்தச் சிதைவு ஆகியவை அரிதானவை. ஆனாலும் மருத்துவமனையில் ஏற்றுவதற்கான காரணங்களில் அவையும் அடங்கும்.

நரம்பு கிடைக்காத குழந்தையின் கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவியிருப்போம். வெதுவெதுப்பான துணியைச் சுற்றியிருப்போம். அப்படியும் முதல் ஊசியில் நரம்பு உருண்டு விலகும். இரண்டாவதில் இரத்தம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். மூன்றாவதற்குக் கையை மாற்றும்போது குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் சில பெற்றோர் "நெஞ்சில் போர்ட் வைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். போர்ட் என்பது தோலுக்கடியில் பதித்துப் பெரிய நரம்போடு இணைக்கும் மருந்து வாயில். இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்காக மட்டும் அதை வைப்பதை நான் விரும்புவதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலுக்குள் நிரந்தரமாக ஒரு குழாயை வைப்பது இரத்தத் தொற்றுக்கும் இரத்தக்கட்டுக்கும் வாசல் திறந்துவைப்பது போன்றது. நரம்பு கிடைப்பது அவ்வளவு கடினமாகிவிட்டால் தோலடி வழிக்கு மாறுவதே பொருத்தம்.

இன்னொரு மறைசெலவு காத்திருப்புக் கூடம். தட்டம்மையோ சின்னம்மையோ வெளிப்படும் நிலையில் இருக்கும் மற்றொரு குழந்தையின் பக்கத்தில் நம் குழந்தை உட்கார நேரலாம். தனி அறையோ தனி நேரமோ ஒதுக்க முடியுமா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

## வீட்டில் தோலடி வழி

அதே 20 கிலோ குழந்தைக்கு வாரத்துக்கு 2 கிராம். இருபது சதவீதக் கரைசலில் 10 மில்லிலிட்டர் மட்டுமே. வயிறு, தொடையின் வெளிப்புறம், மேற்கையின் பின்புறம் ஆகிய இடங்களில் சிறு ஊசியைச் செருகி, பம்ப் வழியாகவோ சிரிஞ்சைக் கையால் மெல்ல அழுத்தியோ செலுத்தலாம். பழகிய பிறகு தயாரிப்போடு சேர்த்து ஒரு மணி நேரம் போல ஆகும். வாரந்தோறும் சிறு அளவில் போவதால் ஐஜிஜி மேடு பள்ளம் இல்லாமல் சீராக நிற்கிறது. கடைசி வாரச் சோர்வு என்பதே இருக்காது. தலைவலி, நடுக்கம் போன்ற உடல் முழுவதற்குமான எதிர்வினைகள் நரம்பு வழியைவிடக் குறைவு. நரம்பு வழியில் கடும் எதிர்வினை கண்ட குழந்தைகளில் பலர் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் அரிப்பும் வீக்கமும் வரும். பாதியாக வெட்டிய பந்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் தோல் புடைத்து நிற்பதை முதல்முறை பார்க்கும் எந்தத் தாயும் பதறிப்போவார். ஓரிரு நாளில் அது கரைந்துவிடும். சில வாரங்கள் போனால் புடைப்பே குறைந்துவிடும். புடைப்பின் மேல் வெள்ளை வளையம் தெரிந்தாலோ ஊசியைச் சுற்றி மருந்து கசிந்தாலோ பெரும்பாலும் ஊசியின் நீளம் போதவில்லை என்று பொருள். மருந்து தோலுக்குக் கீழே போகாமல் தோலுக்குள்ளேயே நிற்கிறது. ஊசிகள் 4 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டர் வரையிலும் அதற்கு மேலும் கிடைக்கின்றன. ஒல்லியாக இருக்கும் குழந்தைக்குக் குட்டையானது, சதைப்பிடிப்புள்ள குழந்தைக்கு நீளமானது. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பாதியில் விட்ட சில குடும்பங்களுக்கு ஊசியை மாற்றியதும் எல்லாம் சரியாகியிருக்கிறது.

மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். சில்லென்று செலுத்தினால் வலிக்கும். குப்பியைக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்துவிடும். ஊசி செருகியதும் சிரிஞ்சைச் சற்றே பின்னிழுத்து இரத்தம் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே செலுத்த வேண்டும். குப்பியின் தொகுதி எண்ணைத் தேதியோடு குறிப்பேட்டில் ஒட்டிவைக்க வேண்டும். இவற்றைக் கற்றுக்கொள்ளச் சில அமர்வுகள் போதும். வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொண்டால்தான் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் தவணை தவறாது.

மறைசெலவுகளை இனி நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். நரம்பு வழியில் ஆண்டுக்கு 13 முதல் 17 முறை ஊசி ஏறும். ஒவ்வொரு முறையும் ஒரே குத்தில் நரம்பு கிடைத்தால்தான் அந்தக் கணக்கு. தோலடி வழியில் ஆண்டுக்கு 52 முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு இடம் என்றால் 104 குத்துகள். தோலடிக் குத்து சிறியதுதான், தேடித் தேடிக் குத்துவதும் இல்லை. ஆனாலும் அதைக் குத்துவது தாயின் கை. அணைக்கும் கையும் குத்தும் கையும் ஒன்றாகிப் போவதை எல்லாத் தாய்மாரும் தாங்கிவிடுவதில்லை. தாங்க முடியாதவரைக் குறை சொல்லவும் கூடாது. மருந்துப் பையை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு, வாரம் ஒருமுறை வீடே மருத்துவமனையாகிவிடுகிறது.

அதைவிடக் கவலை தருவது, தவறிய தவணையை யாரும் கவனிக்காமல் போவது. மருத்துவமனையில் ஒரு குழந்தை வரவில்லை என்றால் நாங்கள் அழைத்துக் கேட்போம். வீட்டில் ஒரு வாரம் நழுவி, அடுத்த வாரமும் நழுவினால் அது யாருக்கும் தெரியாது. பதின்ம வயதில் தானே போட்டுக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்ற பிள்ளைகளிடம் இது அதிகம் நடக்கிறது.

நரம்பு வழியில் இல்லாமல் நேரடியாக இதிலேயே தொடங்கினால் ஐஜிஜி தேவையான அளவை எட்டச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் முதலில் ஒருமுறை நரம்பில் ஏற்றிவிட்டோ, முதல் சில நாள்கள் தொடர்ந்து தோலடியில் செலுத்திவிட்டோ வார முறைக்கு வருவார்கள். தட்டணுக்கள் மிகக் குறைந்து இரத்தம் கசியும் குழந்தைக்கும், பரவலான தோல்நோய் உள்ள குழந்தைக்கும் இந்த வழி எளிதில் பொருந்தாது.

## நொதியுடன் சேர்த்த தோலடி முறை

ஹயலூரனிடேஸ் என்ற நொதியை முதலில் செலுத்தித் தோலடித் திசுவைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டு, அதே ஊசி வழியாகவே மாதம் முழுவதற்குமான மருந்தைச் செலுத்துவது இது. வீட்டிலும் செய்யலாம், மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். வீக்கம் பெரிதாக இருக்கும், தயாரிப்பும் கூடுதல். இரண்டு மருந்துகளை வரிசை மாறாமல் கையாள வேண்டியிருப்பதால், எளிய தோலடி முறையில் கை பழகியவர்களுக்கு இது சுலபம். எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆன்டிபயாடிக் மட்டும் | நரம்பு வழி | வாரத் தோலடி வழி |
|---|---|---|---|
| பெருந்தொற்றுத் தடுப்பு | ஓரளவு. பாக்டீரியாவுக்கு மட்டும் | நன்று | நன்று |
| ஐஜிஜி நிலை | மாற்றம் இல்லை | ஏற்ற இறக்கம் | சீரானது |
| உடல் முழுவதற்குமான எதிர்வினை | மருந்தைப் பொறுத்தது | கூடுதல் | குறைவு |
| ஊசி இடத்தில் தொல்லை | இல்லை | நரம்பு கிடைப்பதைப் பொறுத்தது | அடிக்கடி, ஆனால் லேசானது |
| வீட்டின் உழைப்பு | தினசரி, சிறியது | மாதம் ஒரு முழுப் பகல் | வாரம் ஒரு மணி நேரம், பயிற்சி, குறிப்பேடு |
| தவறைக் கவனிப்பவர் | பெற்றோர் மட்டும் | மருத்துவமனை | பெரும்பாலும் பெற்றோர் மட்டும் |

## எந்தச் சூழலில் எந்தப் பக்கம் சாய்வேன்

நோய் இப்போதுதான் கண்டறியப்பட்டு, குழந்தை தொற்றில் துவண்டிருக்கும்போது நரம்பு வழியில் தொடங்குவதே நல்லது. வீட்டு முறையைப் பற்றி மூன்று, நான்கு மாதம் கழித்துப் பேசலாம். வீட்டில் ஒரே ஒருவர்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், அவரும் வேலைக்குப் போகிறார் என்றாலும் நரம்பு வழியைத்தான் சொல்வேன். மாதத்தில் ஒரு நாளைத் திட்டமிட்டு ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு வாரமும் சோர்ந்து திரும்பும் மாலையில் பம்ப்பைக் கையில் எடுப்பது அதைவிடக் கடினம்.

மருத்துவமனை தொலைவில் இருந்தாலோ, நரம்பு கிடைக்காமல் ஒவ்வொரு முறையும் போராட்டம் நடந்தாலோ, ஏற்றிய பிறகு இரண்டு நாள் தலைவலியில் படுத்தாலோ, கடைசி வாரத்தில் சோர்வு வந்தாலோ தோலடி வழி பொருத்தமானது. தேர்வுக்காலத்தில் பள்ளியைத் தவறவிட முடியாத பெரிய பிள்ளைகளும் இதைத்தான் விரும்புகிறார்கள். குழந்தையிடம் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். "மாதம் ஒரு பெரிய நாளா, வாரம் ஒரு சின்ன நேரமா?" என்று கேட்டால் ஆறு வயதுக் குழந்தைகூடத் தெளிவாகப் பதில் சொல்லும். அந்தப் பதில் பல முறை பெற்றோர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்திருக்கிறது.

ஆன்டிபயாடிக் மட்டும் என்ற பக்கம் சாய்வதற்கு எனக்கு இரண்டு காரணங்களில் ஒன்று வேண்டும்: குறைபாடு தற்காலிகமானது என்று மருத்துவர் எண்ண வேண்டும், அல்லது குழந்தையின் உடல் தடுப்பூசிக்கு நன்றாக எதிர்வினை காட்டியிருக்க வேண்டும்.

## எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாதவை

காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மருத்துவமனையை அழைக்க வேண்டும். போர்ட்டோ வேறு மையக்குழாயோ இருந்தாலும், நியூட்ரோபில் குறைந்திருந்தாலும் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் புறப்பட வேண்டும். வீட்டிலேயே தோலடியில் செலுத்தப் பழகிவிட்ட சில பெற்றோர் காய்ச்சலையும் வீட்டிலேயே சமாளித்துவிடலாம் என்ற துணிவைத் தங்களை அறியாமலே பெற்றுவிடுகிறார்கள். அந்தத் துணிவு எனக்கு அச்சம் தருகிறது.

தட்டம்மை வந்தவரோடு குழந்தை பழகிவிட்டது என்று தெரிந்தால், கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு மருந்து போனது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். கிலோவுக்கு 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று வாரத்துக்குள் நரம்பில் ஏறியிருந்தால் போதிய பாதுகாப்பு இருப்பதாகக் கொள்வார்கள். இல்லையென்றால் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுக்க வேண்டியிருக்கும். எந்த வழியாக இருந்தாலும் தேதிக் குறிப்பேட்டை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

கடும் எதிர்ப்பொருள் குறைபாடு உள்ள குழந்தைக்கு வாய்வழிப் போலியோ சொட்டு போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. உடன்பிறந்தவர்களுக்கும் வாய்வழிச் சொட்டுக்குப் பதிலாகப் போலியோ ஊசியே போட வேண்டும். ஃப்ளூ ஊசி வீட்டில் எல்லோருக்கும் ஆண்டுதோறும் தேவை. ஏற்றும் இம்யூனோகுளோபுலினில் அந்த ஆண்டின் வைரஸுக்கான எதிர்ப்பொருள் போதிய அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. மருந்து ஏற்றிய பின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் மஞ்சள்காமாலைக் கிருமிக்கான எதிர்ப்பொருள் தென்பட்டால் பதற வேண்டாம். அது கொடையாளரிடமிருந்து வந்ததாக இருக்கலாம். கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனையைக் கேளுங்கள்.

வழிகளுக்கிடையே மாறுவது தோல்வி ஆகாது. நரம்பிலிருந்து தோலடிக்கும், அங்கிருந்து திரும்பவும் மாறிய குழந்தைகள் பலர். ஆனால் எந்த வழியில் இருந்தாலும் எடையைக் கவனியுங்கள். வீட்டில் தோலடி மருந்தை ஒரு வாரம்கூடத் தவறவிடாத ஒரு தாய், மகளுக்கு மீண்டும் மீண்டும் காதில் சீழ் வருகிறது என்று கலங்கிப்போய் வந்தார். குறிப்பேட்டைப் பார்த்தேன், ஒவ்வொரு பக்கமும் ஒழுங்காக இருந்தது, தொகுதி எண்கள்கூட வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அளவு மட்டும் குழந்தை 17 கிலோ இருந்தபோது எழுதிக்கொடுத்தது. அன்று எடை பார்த்தபோது 23 கிலோ. தவறு அந்தத் தாயுடையது அல்ல. திரும்பக் கணக்கிட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அன்றிலிருந்து எடை பார்க்காமல் எந்தக் குடும்பத்துக்கும் அடுத்த மூன்று மாதத்துக்கான மருந்தை நான் எடுத்துக் கொடுப்பதில்லை.